இரண்டு போர்டும் ஒரு காதும்

— சிரிச்சது யாருன்னு கேட்டேன்.

— நான்தான் சிரிச்சேன். என் வாய், என் பல், என் சிரிப்பு. அதுக்கும் உங்ககிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமா?

— சிரிப்பைக் கேக்கல. சிரிக்க வச்சவனைக் கேக்குறேன். காலையில எழுந்து இன்னும் பல்லு விளக்கல, அதுக்குள்ள போன். அந்தப் பக்கம் அந்தச் சுருட்டைத் தலையன். ரிலே போர்டு விக்கிறவனுக்கு என் வீட்ல என்ன வேலை?

— வீட்டுக்கு வரல, போனுக்கு வந்தான். போர்டு எத்தனை வருஷம் கிடைக்கும், இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சும் இதே ரிலே வாங்க முடியுமான்னு கேட்டேன். 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் கிடைக்கும் மேடம்'னு சத்தியம் பண்ணினான். அந்த மூச்சுலயே தும்மி, இருமி, போனைக் கீழ போட்டுட்டான். சிரிச்சேன். நீங்களும் கேட்டிருந்தா சிரிச்சிருப்பீங்க. கேக்கத்தான் செஞ்சீங்க, கதவுக்குப் பின்னாடி நின்னு.

— நான் சட்டை தேடிக்கிட்டிருந்தேன்.

— சட்டை உங்க உடம்புல இருந்துச்சு.

— பேச்சை மாத்தாதே. சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. பிரஸ் எல்லாம் அமத்தியாச்சு, ஆளுங்க வெளிய போயாச்சு. இந்தப் பேனல் ரூம்ல நீயும் நானும்தான். நேராவே கேக்குறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் மேனேஜர் கூப்பிடுவாரு. அவர் முன்னாடி நீ அவன் போர்டைத்தான் சொல்லப்போறியா?

— அவன் போர்டு இல்லைங்க. நான் தேர்ந்தெடுத்த போர்டு. ஆமா, அதைத்தான் சொல்லப்போறேன். எல்லா பிரஸ்ஸுக்கும் புது கன்ட்ரோலர் வருது. எந்த ரிலே போர்டை மாட்டணும்னு முடிவு பண்ணச் சொல்லி என்கிட்ட கொடுத்திருக்காங்க. முடிவு பண்ணிட்டேன்.

— அப்ப நான் சொன்ன போர்டு?

— தண்ணி மோட்டாருக்குப் போடலாம். வாசல் விளக்குக்குப் போடலாம். தகடு அடிக்க ஆள் கை உள்ள போற பிரஸ்ல போடக் கூடாது.

— நான் சொல்றேன்ல, அது போதும்! இந்தத் தொழிற்சாலையில நான் எலெக்ட்ரிக் மேஸ்திரியா வந்தப்ப நீ அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டிருந்த. உனக்கு வயர்த் தோலை உரிக்கக் கத்துக்கொடுத்தது யாரு?

— நீங்கதான். செம்பு நூல்ல ஒண்ணுகூட அறாம உரிக்கணும்னு என் கையைப் பிடிச்சுக் காட்டினீங்க. அதை எந்த மேடையிலயும் சொல்லுவேன்.

— மேடை ஒண்ணுதான் உனக்குக் குறைச்சல்! தொழிற்சாலை கேட்டு முன்னாடி தொழிலாளர் கூட்டத்துல என்னைக்கு மைக்கைப் பிடிச்சியோ, அன்னையிலேர்ந்து வீட்லயும் மைக் வச்ச பேச்சுதான். குழம்புல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட 'தோழர்களே'ன்னு ஆரம்பிக்கிற.

— உப்பு கம்மின்னா நீங்களே எழுந்து போட்டுக்கலாமேன்னு சொன்னேன். அது உங்க காதுல 'தோழர்களே'ன்னு விழுந்தா நான் பொறுப்பில்ல.

— அடேங்கப்பா! உள்ள வரலாமா அண்ணி? சண்டை இப்பத்தான் ஆரம்பமா, இல்ல இடைவேளையா? சாப்பாட்டுத் தூக்கோட வந்திருக்கேன், நல்ல இடமாப் பார்த்து உக்காரணும்.

— வாங்க தம்பி. உங்க அண்ணன் நடிக்கிற நாடகம். டிக்கெட் இல்லாமயே பார்க்கலாம்.

— டேய், நீ வெளிய போய்ச் சாப்பிடு.

— வெளிய வெயில் அண்ணே. அதோட இது என் பிரஸ் சம்பந்தப்பட்ட விசயமாச்சே. உன் போர்டு மாட்டியிருக்கிறது என் பிரஸ்ல. அண்ணி போர்டு மாட்டியிருக்கிறது பக்கத்து பிரஸ்ல, சொட்டையன்கிட்ட. ஒரு வாரமா வெள்ளோட்டம். மாட்டிக்கிட்டு முழிக்கிறது நாங்க ரெண்டு பேரு, தீர்ப்பு சொல்றது நீங்க ரெண்டு பேரா?

— நல்லாக் கேட்ட. நீயே சொல்லு. இந்த ஒரு வாரத்துல உன் பிரஸ் எத்தனை தடவை தானா நின்னுச்சு?

— ஒரு தடவைகூட இல்ல அண்ணே.

— சொட்டையன் பிரஸ்?

— மூணு தடவை. மூணு தடவையும் அவன் தலையில அடிச்சுக்கிட்டான். இருந்த நாலு முடியும் போச்சு.

— கேட்டுக்கோ! என் போர்டு ஓடுது, உன் போர்டு நிக்குது. இதைச் சொன்னா மேனேஜருக்குப் புரியும். இதுக்கு மேல என்ன பேச்சு?

— கேளுங்க. மூணு தடவை நின்னுச்சு; ஏன் நின்னுச்சுன்னு ஒரு தடவையாவது வந்து பார்த்தீங்களா? நான் பார்த்தேன். ரிலே பிரியறதுக்குத் தயங்குதுன்னு அதுவே கண்டுபிடிச்சு, 'அடுத்த அடி அடிக்க மாட்டேன்'னு நிறுத்துச்சு. பிரஸ்ஸை இறக்குற வால்வுல இருக்கிற காயில், அந்தக் கம்பிச்சுருள், உதைக்கிற உதையில ரிலே கருகிக்கிட்டிருந்துச்சு. அந்த உதையை வாங்கிக்க, காயிலுக்குக் குறுக்க ஒரு டயோடு போட்டேன். அதுக்கப்புறம் நிக்கல. நின்னது குத்தமில்லைங்க. நிக்கத் தெரிஞ்சதாலதான் குத்தம் வெளிய வந்துச்சு.

— அதே வால்வு, அதே காயில்தான் தம்பி பிரஸ்லயும் இருக்கு. அது நிக்கலியே?

— அதுதான் எனக்கு பயம். அதே உதையை உங்க போர்டும் வாங்குது. வாங்கிட்டு வாயைத் திறக்கல.

— அண்ணி, என் பிரஸ்ஸைக் குறை சொல்லாதீங்க. இந்த வாரம் அதனால எனக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. இன்னிக்குக் காலையில டீ குடிச்சுட்டு வந்து உக்கார்றேன், ரெண்டாவது அடியிலயே தகடு கோணலாப் போய் அச்சுக்குள்ள சிக்கிக்கிச்சு. எப்பவும் போல மெயினை அமத்த எழுந்தேன். பார்த்தா, யாரு? என் அண்ணன்! மாடி ரூமை விட்டு இறங்கி வந்து என் தோள்ல கை போடுறான். 'மெயினை அமத்தாதடா, வெள்ளோட்டக் கணக்குல பிரஸ் நின்னதா எழுதிடுவாங்க. பயப்படாம கையை விடு, நான் இருக்கேன்'ங்கிறான். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு அண்ணி. என் கல்யாணத்துல போட்டோவுக்குக்கூட தோள்ல கை போடாத மனுசன்!

— மெயினை அமத்தாமயா கையை விட்டீங்க தம்பி?

— அண்ணன் பக்கத்துல நின்னான் அண்ணி.

— அண்ணன் என்ன இரும்புத் தூணா? பிரஸ் இறங்கினா முட்டுக்கொடுத்துத் தாங்குவாரா? என்னங்க இது?

— ஒரு நொடி வேலை. சிவப்பு பட்டன் மேல என் கை இருந்துச்சு. இதைப் போய்ப் பெருசு பண்ணாதே.

— பிரஸ் இறங்குறதும் ஒரு நொடிதாங்க! அந்த நொடியும் உங்க நொடியும் ஒண்ணா வந்தா, இவர் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா? 'நின்னதா எழுதிடுவாங்க'! எழுதினா எழுதட்டுமே! எழுதினதை அழிக்கலாம். நசுங்கின விரலை எந்த ரப்பரால அழிப்பீங்க?

— ஐயையோ, அண்ணி மைக்கைப் பிடிச்சாச்சு. அண்ணே, சாப்பிடு, ஆறிடும். சரி அண்ணி, இந்த மரமண்டைக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டும் பச்சைப் பலகை. ரெண்டுலயும் தீப்பெட்டி மாதிரி ரிலே. ரெண்டுலயும் சின்னச் சின்ன விளக்கு. இதுல எது உசத்தி, எது மட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

— கேளுங்க தம்பி. கன்ட்ரோலர் மூளை. அது 'நில்லு', 'இறங்கு'ன்னு சொல்லத்தான் செய்யும். வால்வை நேரா ஓட்டுற அளவுக்கு அதுல பலம் கிடையாது. அதுக்காக நடுவுல ரிலே. ரிலேக்குள்ள ரெண்டு உலோகப் பொட்டு. ரெண்டும் தொட்டா பிரஸ் இறங்கும், பிரிஞ்சா நிக்கும்.

— இவ்வளவுதானா?

— இவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு தடவை பிரியும்போதும் ஒரு பொறி பறக்கும். பறந்து பறந்து ஒரு நாள் அந்த ரெண்டு பொட்டும் உருகி ஒட்டிக்கும். அப்ப மூளை 'நில்லு'ன்னு சொல்லும். விளக்கும் அணையும். பொட்டு மட்டும் பிரியாது. விளக்கு காட்டுறது உத்தரவைத்தான் தம்பி, நடந்ததை இல்ல.

— நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க. உத்தரவு போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவாரே.

— என் போர்டு மேல பத்து ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கான். அந்த வால்வு எடுக்கிறது ஒரு ஆம்பியர்கூட இல்ல. எப்படி ஒட்டும்? நான் சொல்றேன்ல, ஒட்டாது.

— அந்தப் பத்து, அடுப்புக் கம்பிக்கு எழுதின பத்துங்க. சூடு மட்டும் பண்ற கம்பி சத்தமில்லாம பிரிஞ்சு போகும். காயில் அப்படிப் போகாது, விடும்போது திருப்பி அடிச்சுட்டுத்தான் போகும். அந்த அடியை எத்தனை தடவை தாங்கும்னு உங்க போர்டுக்காரன் ஒரு வரி எழுதியிருக்கானா? வெளியாள் யாராவது சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்களா? கீழ்ப்பக்கம் திருப்பிப் பாருங்க. கன்ட்ரோலரோட வயரும் வால்வோட வயரும் பக்கத்துப் பக்கத்துல உரசிக்கிட்டுப் போகுது. நடுவுல ஒரு வெட்டுகூட விடல. அங்க ஒரு பொறி தாவினா மூளையே வெந்துபோகும்.

— என் போர்டுல ரிலேயைக் கையால கழட்டி மாட்டலாம். அது முக்கியமில்லையா? உன் போர்டுல ஒரு ரிலே போனா ஈயம் உருக்குற சூட்டுக்கோல் எடுத்துக்கிட்டு உக்காரணும்.

— அது நல்ல விசயம்தான். ஒத்துக்கிறேன். அந்த ஒண்ணுல உங்க போர்டு ஜெயிச்சுது.

— பார்த்தியா!

— கழட்டி மாட்டலாம். ஆனா எப்பக் கழட்டணும்னு யாரு சொல்லுவா? அங்கதான் என் போர்டு. அதுல ஒவ்வொரு ரிலேக்குள்ளயும் ரெண்டு ஜோடிப் பொட்டு தம்பி. ஒண்ணு வேலை செய்யற ஜோடி, இன்னொண்ணு சாட்சி சொல்ற ஜோடி. ரெண்டையும் ஒரே குச்சியில கோத்திருக்கான். வேலை செய்யறது ஒட்டிக்கிட்டா, சாட்சி பொய் சொல்ல முடியாது. குச்சி நகராதே! கன்ட்ரோலர் சாட்சியைக் கேக்கும். பதில் தப்பா வந்தா பிரஸ்ஸை நிறுத்திடும்.

— என் பிரஸ்லயும் ரெண்டு ரிலே இருக்கே அண்ணி? ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னு சொன்னாங்களே.

— அதுவும் நான் சண்டை போட்டு வச்சது. உங்க அண்ணன் ஒண்ணு போதும்னாரு. ரெண்டை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வச்சா, ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் இன்னொண்ணு பிரிச்சு நிறுத்திடும். ஆனா முதல்ல ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னு யாருக்குத் தெரியும்? பிரஸ் எப்பவும் போல ஓடும். ரெண்டு காவல்காரங்களை நிறுத்துறோம். ஒருத்தன் செத்துட்டா மத்தவன் கத்தணும் தம்பி. கத்தலைன்னா அது ரெண்டு காவல் இல்ல. ஒரு காவலும் ஒரு பிணமும்.

— எனக்கு சோறு இறங்கல அண்ணி.

— இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அந்தச் சுருட்டை. அவன் பேச்சு அப்படியே உன் வாயில வருது. வந்தா உனக்கு மட்டும் நாற்காலியைத் துடைச்சுப் போடுறான். 'மேடம் எப்படிச் சொல்றாங்களோ அப்படி.' எனக்கு ஒரு வணக்கம், அதுவும் பாதி.

— அவனுக்கு எது சாதகம்னு தெரியுமா உங்களுக்கு?

— நீ அவன் போர்டை வாங்குறது.

— ரெண்டும் அவன் கடைச் சரக்குங்க.

— என்னது?

— நீங்க ஒரு வாரமா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தப் போர்டும் அவன் கடையிலேர்ந்துதான் வந்துச்சு. உங்ககிட்ட கொண்டு வந்து கொடுத்தது அவன் தம்பி. அவனுக்குத் தலையில முடி சுருட்டை இல்ல, அதனால உங்களுக்கு அடையாளம் தெரியல. நான் எதை எடுத்தாலும் அவனுக்கு விற்பனைதான். உங்க போர்டுன்னா மாசாமாசம் மாத்தணும், இன்னும் நல்ல விற்பனை.

— அண்ணே! ஒரு வாரமா நீ அவனுக்குத்தான் விளம்பரம் பண்ணிக்கிட்டிருந்தியா? கூலியாவது கேட்டு வாங்கு!

— டேய், வாயை மூடு.

— இல்ல, இவ்வளவு நாளா வயித்தெரிச்சல் பட்டியே, ஆளை மாத்திப் பட்டிருக்கியேன்னு...

— மூடுறியா இல்லையா?

— விடுங்க தம்பி. என்னங்க, சுருட்டையை இப்ப விட்டுடலாமா? நான் எப்பவோ விட்டாச்சு; நீங்கதான் அவன் முடியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கீங்க. உங்களுக்கு எரியறது அவன் மேல இல்லைன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லுங்க.

— சொல்ல ஒண்ணும் இல்ல.

— சொல்லுங்க.

— போன வாரம் வரிசையில கடைசி பிரஸ் நின்னுச்சு. நான் அங்கேயேதான் நிக்கிறேன், கையில ஸ்க்ரூடிரைவரோட. அதை ஓட்டுற ஆள் என் முகத்தைப் பார்க்கல. என் தோளுக்கு மேல எட்டி, உன் ரூம் பக்கம் பார்த்து, 'மேடம் இல்லையா?'ங்கிறான். நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆளு! நான் என்ன அங்க சட்டை மாட்டுற ஆணியா? ஒரு காலத்துல மோட்டார் முனகினா போதும், 'காது மேஸ்திரியைக் கூப்பிடு'ம்பாங்க. மூணு தெரு தள்ளி இருக்கிற தொழிற்சாலையிலேர்ந்து ஆள் அனுப்புவாங்க. இப்ப? நான் படி இறங்கினா 'நீங்க ஏன் சார் சிரமப்படறீங்க'ங்கிறாங்க. சிரமமாம்! வீட்டுக்கு வந்தா நீ படிச்சுக்கிட்டிருக்க. நான் தண்ணி கேட்டா, ஒரு விரலைத் தூக்கி 'இந்த வரியை முடிச்சுக்கிறேன்'ங்கிற. அந்த ஒரு விரல் இருக்கே... அதுதான் என் வயித்துல எரியுது. போதுமா?

— போதும்.

— என்ன, மைக் வேலை செய்யலையா?

— வேலை செய்யுது. இப்பத்தான் முதல் தடவையா நீங்க உண்மையைப் பேசினீங்க, அதுக்கு மரியாதையா நின்னேன். இப்ப என்னைக் கேளுங்க. அந்த விரல் தப்புதான். இனிமே தூக்க மாட்டேன். ஆனா இதையும் கேளுங்க! நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டா அதுக்குப் பேரு அனுபவம். நான் ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டா, 'யாரு சொல்லிக்கொடுத்தான்?' நீங்க ஒரு முடிவெடுத்தா அது தீர்ப்பு. நான் எடுத்தா, அதுக்குப் பின்னாடி எந்த ஆம்பளைன்னு கதவோரம் நின்னு காது கொடுக்கறீங்க. என் தலைக்குள்ள வேற எவனாவது குடியிருக்கணுமா? வாடகைக்கு விட்டிருக்கேனா? அங்க நானே இருக்கலாம்னு, கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல, உங்களுக்கு ஒரு தடவையாவது தோணுச்சா?

— அண்ணி, கை தட்டலாமா? கையில சோறு இருக்கு.

— தட்டாதீங்க தம்பி. நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கும் பொறாமை இருக்கு.

— உனக்கா? யார் மேல?

— உங்க மேல. உங்க காது மேல. சிரிக்காதீங்க. ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேனல்ல வச்சு, பிடியைக் காதுல வச்சு, கண்ணை மூடி, 'மூணாவது ரிலே அலுத்துப்போச்சு, மாத்து'ம்பீங்க. மாத்திட்டுப் பழசை உடைச்சுப் பார்த்தா உள்ள கருகியிருக்கும். நீங்க இல்லாதப்ப நானும் அப்படி வச்சுக் கேட்டிருக்கேன். ஒரு நாள் இல்ல, பல நாள். எனக்குக் கேட்டதெல்லாம் என் காதுக்குள்ள ஓடுற ரத்தம்தான். நான் படிச்சதெல்லாம் நீங்க பிறவியிலேயே வச்சிருக்கிற ஒண்ணுக்கு ஈடு கட்டத்தான். அதை நினைச்சா எனக்கும் எரியும்.

— நிசமாவா?

— நிசமா. மேனேஜர்கிட்டயும் சொல்லுவேன். போர்டு நான் சொல்றது. மாசம் ஒரு தடவை எல்லாப் பேனலையும் காதால பார்க்கிறது நீங்கன்னு. ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்லுவேன்.

— அடடா, அண்ணன் முகம் போற போக்கைப் பாருங்க அண்ணி! காதுவரைக்கும் சிரிப்பு. ஆனா ஒண்ணு, அந்தக் காது பழைய காதான்னு சந்தேகம். முந்தாநாள் பின்னாலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்ல.

— நீ கூப்பிட்டா ஏன்டா திரும்பணும்? கடன் கேட்ப.

— வயசாச்சு அண்ணே, ஒத்துக்கோ. அண்ணி சும்மா உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க. இப்பல்லாம் உனக்கு இடி இடிச்சாதான் கேக்கும்.

— யாருக்குடா மந்தம்? என் காதுக்கா? உன் பிரஸ் போடுற இரைச்சலுக்கு நடுவுல ரிலே விடுற மூச்சைக் கேட்டவன்டா நான்! உன் பேனல்ல இருக்கிற ரெண்டு ரிலேயும் விடும்போது ரெண்டு சத்தம் வரணும். டக், டக். மயிரிழை முன்னப்பின்ன. இன்னிக்குக் காலையில ஒண்ணுதான் வந்துச்சு. டக், அவ்வளவுதான். ரெண்டாவது ரிலே ஒட்டிக்கிச்சு. உன் அண்ணிக்குத் தெரிஞ்சுதா? கன்ட்ரோலருக்குத் தெரிஞ்சுதா? விளக்குக்குத் தெரிஞ்சுதா? பேனலைத் தொடக்கூட இல்ல, இந்த ரூம் வாசல்ல நின்னே கேட்டேன். நீங்கல்லாம் முதல் டீக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்! எவன் சொல்றான் மந்தம்னு?

— என்ன சொன்னீங்க?

— காதைச் சொன்னேன்.

— அந்த டெஸ்டரை எடுங்க. வேண்டாம், நானே எடுத்துக்கிறேன். தம்பி, அந்தப் பேனல் கதவைத் திறங்க. மெயின் அமத்தியிருக்கு இல்ல?

— அமத்தியிருக்கு அண்ணி. பூட்டும் போட்டிருக்கேன். சாவி என் இடுப்புல.

— முதல் ரிலே. சத்தம் இல்ல, பிரிஞ்சிருக்கு. நல்லது. ரெண்டாவது...

— பீப் அடிக்குது அண்ணி.

— ஆமா.

— காலையில பிரஸ் நின்னப்பெல்லாம் விளக்கு அணைஞ்சுதே?

— விளக்கு அணைஞ்சிருக்கும். பொட்டு பிரியல. ஒட்டிக்கிட்டிருக்கு. காலையிலேர்ந்து உங்க பிரஸ் ஒத்தை ரிலேயில நின்னுக்கிட்டிருந்துச்சு தம்பி. இன்னும் ஒண்ணு ஒட்டியிருந்தா... என்னங்க, ஏன் சொல்லல?

— அது... இன்னொண்ணு வேலை செஞ்சுக்கிட்டுதானே இருந்துச்சு.

— ஏன் சொல்லல?

— இன்னிக்கு ஒரு நாள். சாப்பாட்டுக்கு அப்புறம் முடிவாகிடும். முடிவானதும் நானே யாருக்கும் தெரியாம மாத்தியிருப்பேன். மீட்டிங்குக்கு முன்னாடி என் போர்டு போச்சுன்னு தெரிஞ்சா, நீ... எல்லாரும் மறுபடியும் என் தோளுக்கு மேல உன்னைத்தானே பார்ப்பாங்க. நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலியே? டேய், நீயாவது சொல்லு. ஏன்டா கையையே பார்த்துக்கிட்டிருக்க?

— அண்ணே, நீ என் தோள்ல கை போட்டு, 'பயப்படாம கையை விடு'ன்னு சொன்னது... டீ குடிச்சதுக்கு அப்புறம்.